நடு ஹாலில் ஒரு பிளாஸ்திரி

என்னங்க,

எழுந்ததும் ஹாலில் கால் வைக்காதீர்கள், பாலிஷ் இன்னும் காயவில்லை. பின்வாசல் வழியாகப் போய் வாருங்கள். சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். கோபம் சாப்பாட்டின் மேல் இல்லை.

ஹாலைப் பெரிதாக்க இடித்தோமே, அந்தச் சுவர் இருந்த இடத்தில் நீங்கள் வரிசையாகப் போடச் சொன்ன புது மரத்தரைப் பலகைகள், நடு ஹாலில் பிளாஸ்திரி ஒட்டியது போல் பளிச்சென்று தெரிகின்றன. தரைக்காரர் அன்றே தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "பழைய பலகையில அங்கங்க சிலதைப் பேத்து எடுத்துட்டு, புதுசை விரல் கோத்த மாதிரி உள்ள விடணும் சார். அப்பதான் ரெண்டும் ஒண்ணாத் தெரியும்." நீங்கள்தான், "சாயம் பூசினா யாருக்கும் தெரியாது" என்றீர்கள். நேற்று எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றே, "சுவர் இருந்த இடம் அப்படியே தெரியுதே!" என்றார். அதை உங்களிடம் சொன்னதற்குத்தான் எனக்கு அவ்வளவு பேச்சு. தலையணையைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்கும் போய்விட்டீர்கள்.

தரைக்காரர் நாலு மணிக்கு வருகிறார். இந்த முறையாவது அவர் சொல்வதைக் கேளுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், உங்கள் யோசனையாகவே இருக்கட்டும்.

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பாலிஷில் வெறுங்கால் தடம் பதிந்திருக்கிறது. சின்ன அறையிலிருந்து நம் அறைக் கதவு வரை எட்டு, திரும்பிப் போக எட்டு. எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டும். தரையைக் கெடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவர், கதவைத் தட்டித் தொலைத்திருக்கலாம். நான் தாழ்ப்பாள் போடவே இல்லை.