என் காதோடு சேரும் போன்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நான்கு சுடிதார் தைத்து முடித்தேன். துணி கிழிபடும் சத்தம்கூட இப்போது கேட்கிறது. மதுரையில் காது மெஷின் வாங்கி இரண்டு மாதம். நேரில் பேசினால் முக்கால்வாசி பிடிபடுகிறது. போனில் மட்டும் ஒன்றும் இல்லை. காதில் வைத்தால் விசில் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ முனகுவது மாதிரி.

மெஷின் கொடுத்த அம்மா அன்றைக்கே சொன்னார், “புளூடூத்ல சேத்துட்டா குரல் நேரா காதுக்குள்ள வரும், ஆனா உங்க போன்ல சேராதும்மா.” ஆறு வருஷத்துப் போன். கேமரா நல்லா இருக்குதென்று என்னைக் கட்டிய மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அப்டேட் வருவது நின்று நாலு வருஷம், அதனால்தான் சேராதாம்.

காது கொஞ்சம் மந்தம் என்று மட்டும்தான் மச்சானிடம் சொல்லியிருந்தேன். அவர் அனுப்பிய காசில்தான் மெஷின் வாங்கினேன். “இப்ப நல்லாக் கேக்குதா?” என்று மெசேஜ் போட்டார். “எல்லாம் சரியாயிருச்சு” என்று பதில் போட்டுவிட்டேன். இனி எந்த முகத்தோடு புதுப் போன் கேட்பது?

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து மச்சான் வழக்கம்போல் கூப்பிட்டார். அவர் பேச, நான் ம் கொட்ட, ஒரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இன்று ஏதோ கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று மட்டும் புரிந்தது. “சரி மச்சான், அப்படியே செய்யுங்க” என்றேன். சீக்கிரமே வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாமி, மச்சானைப் பெற்ற உம்மா, அடுத்த தெருவிலிருந்து வெயிலில் நடந்தே வந்தார். மகனோடு காலையில் பேசியிருக்கிறார். உட்காரக்கூட இல்லை.

“ஏம்மா சஃபா, இன்னும் ரெண்டு வருசம் அங்கனயே இருங்கன்னு நீயா சொன்ன?”

எனக்கு விளங்கவில்லை. மாமி முகத்துக்கு நேராக நின்று சொன்னார். வேலை ஒப்பந்தம் முடியப்போகுதாம். முடிச்சுட்டு ஊருக்கு வந்துறவா, மறுபடி கையெழுத்துப் போடவா என்று என்னிடம் கேட்டாராம். கையெழுத்துப் போடவா என்று அவர் கேட்ட உடனே நான் அப்படியே செய்யுங்கன்னு சொல்லிட்டேனாம். “ஒரு நிமிசம்கூட யோசிக்கல உம்மா”ன்னு மாமிகிட்டச் சொன்னாராம்.

யா அல்லாஹ்! அவர் குவைத் போய்ப் பதினொரு வருஷம். எந்தக் கேள்விக்கு ஏங்கிக் கிடந்தேனோ அதுவே வந்திருக்கு. நான் என்ன சொல்லியிருக்கேன்!

இருபத்தஞ்சாம் தேதி கையெழுத்தாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

“வந்துருங்க மச்சான், அன்னைக்கு எனக்குச் சரியாக் கேக்கல” என்று குரலைப் பதிந்து அனுப்பினேன். பதில் மெசேஜாக வந்தது. “உம்மா சொல்லிக்கொடுத்து நீ மாத்திப் பேச வேணாம்.”

இனி எழுதினாலும் நம்பமாட்டார். கேட்டுக் கேட்டு, பதிலுக்குப் பதில் பேசினால்தான் நம்புவார். அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? மெஷின் சரியாயிருச்சுன்னு சொன்னவளே நான்தானே.

ஆகஸ்ட் 16, சனி

என் அண்ணன் சுஐபு காக்கா பைக்கில் ராமநாதபுரம் கூட்டிப்போனார். தையல் காசு என் கையில். இரண்டு கடையில் டிஸ்ப்ளே போனைத் தொடவே விடவில்லை. மூன்றாவது கடையில் ராம்குமார் என்கிற தம்பி. எடுத்ததுமே கேமரா, கேமரா என்று ஆரம்பித்தார். முக்காட்டை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். கடை நிறைய ஆட்கள். வெட்கம்தான், ஆனால் காட்டினேன்.

“தம்பி, கேமரா வேணாம். எது இதோட சேருதோ அதக் காட்டுங்க.”

பாவம், நல்ல பிள்ளை. நெட்டில் மெஷின் கம்பெனியின் பட்டியலைத் தேடி எடுத்து, அதிலுள்ள மூன்று போனை வரிசையாக வைத்து, என் சிம்மை ஒவ்வொன்றிலும் போட்டு மெஷினோடு சேர்த்தார். காக்கா தெருவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டார்.

முதலாவதுதான் விலை கூட. கண்ணாடி மாதிரித் திரை. பாட்டு காதுக்குள் அருமையாக வந்தது. போன் வந்தால் மட்டும் சத்தம் போனிலேயே நின்றுவிட்டது. பாட்டா கேட்கப்போகிறேன்?

இரண்டாவது மலிவு. காக்கா குரல் காதுக்குள் வந்தது! அதையே வாங்கியிருப்பேன். ஆனால் அப்டேட் எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு, “ரெண்டு வருசம்க்கா. போன வருசம் வந்த மாடல், அதனால இன்னும் ஒண்ணுதான் பாக்கி” என்றார். மறுபடியும் அதே குழியிலா?

மூன்றாவது இரண்டுக்கும் நடுவிலான விலை. கேமரா சுமார், கையில் கொஞ்சம் கனம். காக்கா பேசியது இரண்டு காதிலும் விழுந்தது. “ஏ புள்ள, வெயிலு மண்டையப் பொளக்குது, சீக்கிரம் ஒண்ண எடு!” அப்டேட் ஆறு வருஷம் தருகிறார்களாம்.

“ஆறு வருசம் யாருக்கா ஒரே போன வச்சிருக்கா?” என்றார் ராம்குமார்.

“நான் வச்சிருப்பேன் தம்பி.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குவைத்தில் பஜ்ரு தொழுகை முடியும் நேரம் பார்த்து நானே கூப்பிட்டேன்.

“சொல்லு” என்றார். அந்த ஒரு சொல் தலைக்குள்ளேயே கேட்டது. குரல் கட்டியிருந்தது. பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“சஃபா? கேக்குதா?”

“கேக்குது மச்சான். இன்னைக்குத்தான் கேக்குது.”

“என்ன இன்னைக்குத்தான்?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருஷமாக ம் கொட்டியது, மெஷின் சரியென்று பொய் சொன்னது, எல்லாம். மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவர் மூச்சு!

“அப்ப ஒரு வருசமா நான் யார்கிட்ட பேசுனேன்?”

“என்கிட்டதான். காதுல விழுகத்தான் இல்ல.”

“ஏன் சொல்லல? என்னைய என்னன்னு நெனச்ச?” கோபம்தான். அந்தக் கோபமும் எனக்கு முழுசாகக் கேட்டது. திட்டட்டும், நல்லாத் திட்டட்டும் என்று இருந்தேன். நடுவில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வெண்டைக்கா கொழம்பு வச்சது, ரூம்ல பூனை குட்டி போட்டது, ஒண்ணுமே தெரியாதா ஒனக்கு?”

“தெரியாது. திரும்பச் சொல்லுங்க.”

சொன்னார். பூனை மூன்று குட்டியாம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “இப்பக் கேக்குறேன். நல்லாக் கேட்டுக்க. கையெழுத்துப் போடவா, வந்துறவா?”

“வந்துருங்க மச்சான்.”

போனை வைத்துவிட்டு அழுதேன். அல்ஹம்துலில்லாஹ். இன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் அப்டேட் வந்தது. போட்டதும் மெஷின் இணைப்பு அறுந்துபோச்சு. சேரவே மாட்டேங்குது. ஜும்ஆ வேறு நெருங்குகிறது. கடை நம்பருக்கு மெசேஜ் போட்டேன். பழைய இணைப்பை அழிச்சுட்டு மறுபடி சேருங்கக்கா என்று ராம்குமார் பதில் போட்டார். சேர்ந்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமைகளில் அப்டேட் கிடையாது.

நவம்பர் 9, ஞாயிறு

மச்சான் வந்து பதினொரு நாள். மீன் வாங்கக் கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார். அரை மணி நேரத்தில் மூன்று தடவை கூப்பிட்டாகிவிட்டது. சீலாவா பாறையா என்று ஒன்று. புளி இருக்கா என்று ஒன்று. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன்.

“சும்மா” என்றார்.