பனியேரியில் இளவேனில்

மார்ச் 2, காலை 9.00
வெப்பநிலை மைனஸ் பதினொன்று. காற்று இல்லை. ஏரியின் பனிக்கட்டி, கரையோரம் துளையிட்டு அளந்ததில், ஒரு மீட்டருக்கும் மேல் தடிமன். விமானம் இறங்கத் தாராளம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பவளராணி, வானிலை ஆய்வாளர். நோர்வேயின் வடகோடியில், உறைந்த ஏரிக்கரை நிலையத்தில் தனியாக இருக்கிறேன். பூமியைக் குளிர்விக்கிறோம் என்று வானத்தில் தூசி தூவினார்கள். அளவு தப்பியது. ஒன்பது வருடமாக இங்கே குளிர்காலம் முடியவேயில்லை. இப்போது தூசி அடங்கி வருகிறது. இளவேனில் வந்தால் முதலில் பார்த்துச் சொல்வது என் வேலை. வராத விருந்தாளிக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். வானொலியில் வரும் பேச்சையெல்லாம், நான் இந்தக் குறிப்புகளை எழுதும் இந்தக் கருவி தானாகவே பதிந்துகொள்ளும்.

மார்ச் 6, பகல் 12.40
கூரை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கீழே வாளியை வைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே தேநீர் குடித்தேன். கன்னத்தில் வெயில் சுட்டது. அழுதுவிட்டேன், வெட்கமில்லை.

தெற்குத் தளத்தில் வானொலி பார்க்கும் துசியந்தனிடம் சொன்னேன். வந்த பதில்:

“மெய்யாவோ அக்கா? இஞ்சை எல்லாரும் துள்ளிக் குதிக்கினம். பதினைஞ்சாம் திகதி சாமானோட பிளேன் வருது. நானும் வாறன். இதைப் பாக்காமல் இருக்கேலாது.”

மார்ச் 10, பகல் 2.15
கரையோரப் புதரில் மொட்டு. தொட்டால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குருவி வந்து, ஏதோ என் வீட்டுக்கு வாடகை கொடுப்பதுபோல அதிகாரமாகக் கத்திவிட்டுப் போனது. இன்று முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை.

கெட்ட செய்தியும் உண்டு. கூரை ஒழுகி வானொலிக்குள் தண்ணீர் போய்விட்டது. அவர்கள் பேசுவது கேட்கிறது. நான் பேசுவது போகவில்லை. அரிசி தீர்ந்தது. பருப்பு கொஞ்சம் இருக்கிறது. விமானம் வந்தால் எல்லாம் சரியாகும்.

மார்ச் 13, காலை 10.30
ஓடுபாதையைப் பார்க்க ஏரிமேல் நடந்தேன். நடுவில் கால் முட்டிவரை உள்ளே போனது. துளையிட்டுப் பார்த்தேன். பனிக்கட்டி ஒரு சாண் கூட இல்லை. அதுவும் புழுத்த பலகை மாதிரி ஓட்டை ஓட்டையாக.

எல்லாம் நான் செய்த வேலைதான். இந்தப் பக்கத்தில் எங்களாட்கள் தை முதல் நாளில் பொங்குவதில்லை. இருட்டுக்காலம் முடிந்து மலைக்கு மேலே சூரியன் தலைகாட்டும் நாளில்தான் பொங்கல். பிப்ரவரியில் நானும் பொங்கினேன், கோலம் போட்டேன். வெள்ளைப் பனியில் அரிசிமா தெரியாதே என்று ஜெனரேட்டர் கரியால் போட்டேன். சமமான இடம் ஓடுபாதைதான். வீடு அளவுக்குப் பெரிய கோலம். துசியந்தன் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் கைதட்டினான். பிறகு பனி பெய்து மூடியது, மறந்துபோனேன். கரி மறக்கவில்லை. மெல்லிய பனிக்குக் கீழே கிடந்து, வந்த வெயிலையெல்லாம் குடித்து, பனிக்கட்டியைத் தின்றிருக்கிறது.

மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளைவெளேரென்று, இறங்கு இறங்கு என்று கூப்பிடுகிறது.

மார்ச் 14, மாலை 4.00
வானொலியை மூன்றாம் முறை பிரித்துப் பூட்டினேன். பேசும் பகுதி செத்தேவிட்டது, கேட்பது மட்டும் கேட்கிறது. போர்வைகளை விரித்து ஓடுபாதையில் ‘இறங்காதே’ என்று பெரிய பெருக்கல் குறி போட்டேன். ஈரப்பனி கொட்டி மூடியது. உதறிப் போட்டேன். மறுபடி மூடியது. பனியைத் திட்டினேன், என்னையும் திட்டினேன்.

மார்ச் 15, காலை 11.20
பிளஸ் நான்கு. மேகமே இல்லை. போர்வைகள் உருகிய நீரில் ஊறி, இரவில் உறைந்து, பனிக்கடியில் ஒட்டிக் கிடக்கின்றன. பிடுங்க முடியவில்லை. விமானத்திலிருந்து துசியந்தனின் குரல் வந்தது:

“அக்கா, உங்கடை சத்தத்தைக் காணேல்லை, பரவாயில்லை. அரை மணித்தியாலத்திலை வந்திடுவம். அம்மா உங்களுக்குப் புட்டு அவிச்சுத் தந்தவ.”

டீசல் பீப்பாயைக் கொளுத்தப் போகிறேன். கறுப்புப் புகையைப் பார்த்தாவது ஆபத்து என்று புரியட்டும்.

11.46
“அக்கா, புகை போட்டது நல்ல வேலை! காத்து எந்தப் பக்கமெண்டு பைலட்டுக்கு வடிவாத் தெரியுதாம்.”

இரண்டு கையையும் வீசிக் கத்தினேன். விமானம் இறக்கையை ஆட்டிப் பதில் வணக்கம் சொன்னது.

11.51
ஏரியின் மறுகோடிக்குப் போய்த் திரும்புகிறார்கள். ஆள் கிடக்கும் பாதையில் எந்த விமானியும் இறக்க மாட்டான். நடுவில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். கரையில் நின்றால் ஓரமாகத் தாண்டி இறங்கிவிடுவார்கள். அந்த இடம் என்னைத் தாங்குமா தெரியாது. பயமாக இருக்கிறது. வெயில் இவ்வளவு நன்றாக இருப்பதுதான் ஆத்திரமாக வருகிறது. குருவி வேறு கத்துகி

11.57 (தானியங்கிப் பதிவு)
“அக்கா, பகிடி விடாதேங்கோ. அதிலை படுத்தால் என்னெண்டு இறக்கிறது? எழும்பி ஓரமாப் போங்கோ.”

11.58 (தானியங்கிப் பதிவு)
“பைலட் மேலை தூக்கீட்டார். சுத்தித் திரும்பி வாறம்.”

12.03 (தானியங்கிப் பதிவு)
“அக்கா, உங்களைக் காணேல்லை. நீங்கள் படுத்திருந்த இடத்திலை தண்ணி தெரியுது. அக்கா?”

12.20 (தானியங்கிப் பதிவு)
“பிளேனிலை எண்ணெய் காணாதாம், தளத்துக்குத் திரும்பிப் போகவேணுமெண்டு பைலட் சொல்லுறார். அக்கா, எங்கையாவது நிண்டு ஒருக்காக் கையைக் காட்டுங்கோ.”