வூலன் பெயரில் மூன்று கையெழுத்து

மூந்திலான்,
நவம்பர் 12

அன்பு மகள் நிக்கேனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அப்பாவும், தொட்டியில் கிடக்கிற கெளுத்தி மீன்களும், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பூனையும் சுகம். ஜப்பானில், நீயீகாத்தாவில் நீயும், உன் அறைத்தோழியும், நீ குளிப்பாட்டிச் சோறூட்டிப் பார்த்துக்கொள்கிற பெரியவர்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதுதான் சங்கடம். சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், சாப்பிட்டேன் என்பாய், குளிரா என்பேன், குளிர்தான் என்பாய், அப்பாகிட்ட கொடுங்க என்று முடித்துவிடுவாய். ஏழு வருஷமாக நமக்குள் ஓடுவது இவ்வளவுதான். இப்போது நான் சொல்லவேண்டியது முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதில்லை. வெட்கக்கேடு. நீ காலேஜில் செய்த தப்பை, எதற்காக உன்னை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேனோ அதே தப்பை, நாற்பத்தொன்பது வயசில் நான் செய்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், கிழித்துப் போடுவதானால் போடு, ஆனால் கடைசிவரைக்கும் படித்துவிட்டுக் கிழி. உன்னிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு முட்டிவலி மழை ஆரம்பித்ததிலிருந்து கூடத்தான் இருக்கிறது, டாக்டரிடம் வா என்றால் மீனுக்கு யார் தீனி போடுவார்கள் என்கிறார், மீன் என்ன அவர் கையால் மட்டும்தான் தின்னுமா. போன வாரம் மெராப்பி எரிமலை மறுபடி சாம்பலைத் தூவிவிட்டது, துவைத்துப்போட்ட துணியை எல்லாம் இன்னொரு தரம் துவைத்தேன். பக்கத்து வீட்டுத் தார்மி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, நிக்கேன் எப்போது வருகிறாள் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்கிறார்கள், சீக்கிரம் வந்துவிடுவாள் என்று வாய் கூசாமல் சொல்கிறேன். நீ இருமுவதாக அப்பா சொன்னார். சளி பிடித்தால் காசை வைத்து முதுகைச் சுரண்டிவிட அங்கே ஆள் இல்லை, ஆகவே முன்கூட்டியே தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

என் படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். பாலர் பள்ளி டீச்சருக்கும் பட்டம் வேண்டும் என்று தலைமையாசிரியை ஒற்றைக் காலில் நின்று என்னைச் சேர்த்துவிட்டது உனக்குத் தெரியும். முதல் நாள் நான் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், நான்தான் பாடம் எடுக்க வந்தவள் என்று நினைத்து. நானும் இருபத்துநாலு வருஷப் பழக்கத்தில் உட்காருங்கள் என்று கை காட்டிவிட்டேன். அப்புறம் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன் பார், ஒரே சிரிப்பு. அப்போதுதான் வூலன் என்ற பெண் பின்னாலிருந்து கூப்பிட்டாள், இபு, நீங்க முன்னாடி உக்காந்தா வாத்தியாரு இன்ஸ்பெக்ஷன்னு நெனச்சு ஓடிடுவாரு, இங்க வாங்க என்று. அன்றிலிருந்து அவள் பக்கத்தில்தான் என் இடம். இருபது வயசு, வாய் சும்மா இருக்காது, வீட்டில் அவள் சம்பாத்தியமும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும் என்று காலையில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு வருகிறாள். கட்டுரைக்குப் பக்க எண் போடக்கூட அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், நான் பொரித்த தெம்பே கொண்டுபோவேன், சாயங்காலம் அவள் மோட்டார் சைக்கிளில் என்னை வீட்டு முனையில் இறக்கிவிடுவாள். இந்த வயசில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு நாள் அவளோடு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னோடு நான் அப்படிச் சிரித்ததே இல்லை என்று ஞாபகம் வந்தது.

புள்ளியியல் எடுக்கிறவர் யார் தெரியுமா, டானாங். உனக்கு மூன்று வயசு மூத்தவன், மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் மடியில் உட்கார்ந்து புளியங்கொட்டையில் பத்துவரை எண்ணினானே, அவனேதான். வகுப்பில் பாக் டானாங் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறேன், அவன் காதெல்லாம் சிவந்துபோகும். வகுப்பு முடிந்ததும் ஓடிவந்து என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வான். முதல் தேர்வில் நான் வாங்கியது நூற்றுக்கு முப்பத்தெட்டு, அதைச் சிவப்பு மையில் போட மனசு வராமல் பென்சிலால் போட்டிருந்தான். நானும் அதைப் பெருமையாக நினைத்தேன், புத்தி கெட்டவள்.

தீத்திப் என்று நாம் சொல்கிறோமே, அந்த ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது. சந்தையில் பையைத் தீத்திப், திரும்பி வரும்வரை பார்த்துக்கொள் என்று. ஊருக்குப் போகிறவரிடம் சலாம் தீத்திப். காலையில் பள்ளி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு, தீத்திப் இபு என்று தாய்மார்கள் ஓடுவார்கள், இருபத்துநாலு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளை அப்படித்தான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். செப்டம்பரில் ஒரு நாள் வூலன் போனில் அனுப்பினாள், கடையில் மாற்றாள் வரவில்லை, வருகைப் பதிவு தீத்திப் இபு என்று. தீத்திப் என்று கேட்டவளுக்கு மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. தாள் சுற்றி வந்தது, என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன், அவள் பெயருக்கு நேரேயும் போட்டேன். பொய் என்று தோன்றவே இல்லை, பையைப் பிடித்துக்கொள்வதுபோல்தான் இருந்தது. இப்படி மூன்று வகுப்பு. அவள் கையெழுத்து ஒரு கோழிக்கிறுக்கல், எனக்குக் கிறுக்க வரவில்லை. வூலன் என்று முழுப் பெயரையும் குண்டு குண்டாக எழுதி, முதல் எழுத்தின் கடைசிக் காலைப் பிள்ளைகளுக்கு எழுதிக்காட்டுகிற மாதிரி வாலாகச் சுருட்டிவிட்டிருக்கிறேன். திருடப் போனவள் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்த கதை.

அக்டோபர் நடுவில் டானாங் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் பேசினான். வூலன் வராத நாளிலெல்லாம் யாரோ ரொம்ப அழகான எழுத்தில் அவளுக்காகப் போட்டிருக்கிறார்கள், யார் என்று கேட்கப்போவதில்லை, ஆனால் வூலனுக்கு வருகை போதாது, தேர்வெழுத முடியாது, மோசடி என்று துறைக்கும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றான். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துச் சொன்னான், அவளைப் பார்த்தான், என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. வூலன் தலையைக் குனிந்துகொண்டாள். வாயாடி, ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவளுக்குக் கூச்சம், டீச்சரைக் கேட்கக் கூடாது என்று அவனுக்குக் கூச்சம், இரண்டு பேர் மரியாதைக்கும் நடுவில் நான் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் அவன் வழக்கம்போல் வந்து என் கையை நெற்றியில் ஒற்றினான். கையை இழுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. சாயங்காலம் வூலன் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டும் வந்தாள். அந்த ஒரு பெண்ணின் படிப்பு என் ஒரு வாயில் இருந்தது, நான் திறக்கவில்லை. ஒரு வாரம் இல்லை, மூன்று வாரம். இந்தச் செமஸ்டர் முடியட்டும், பட்டம் வரட்டும், அப்புறம் அவளுக்கு ஏதாவது செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று வாரமும் நீதான் கண்ணுக்குள் நின்றாய். நீயும் தீத்திப் என்று கேட்டவளுக்குத்தான் போட்டாய். அவ அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்கம்மா, எப்படிம்மா மாட்டேங்கிறது என்று நீ ஆரம்பித்தாய், நான் முடிக்க விடவில்லை. சீட்டுக்கு வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், இருபது வயசாகியும் வெட்கம் தெரியாத ஜென்மம், என் வயித்துலதான் பொறந்தியா என்று கேட்டேன். வெட்கம் தெரிந்தால்தான் மனுஷி ஆனதாக அர்த்தம் என்று நம் ஊரில் சொல்வார்கள். நீ அன்றைக்கே தப்பை ஒப்புக்கொண்டு என் முன்னால் நின்றாய். எனக்கு அந்த வெட்கம் வர இன்னும் ஏழு வருஷம் பிடித்திருக்கிறது.

போன வியாழக்கிழமை டானாங் பாடத்தை ஆரம்பிக்குமுன் எழுந்து நின்றேன். உக்காருங்க இபு என்றான், அப்புறம் பேசிக்கலாம் என்று கண்ணால் கெஞ்சினான். நான் உட்காரவில்லை. அந்த மூணு கையெழுத்தும் நான் போட்டது, அந்தப் பொண்ணு என்னைக் காட்டிக்கொடுக்காம நிக்குது, நான் பெரிய மனுஷி மாதிரி உக்காந்திருந்தேன் என்று சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. பிறகு அவன் அறைக்குக் கூப்பிட்டான். கதவைச் சாத்திவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், பாத்த உடனே தெரியும் இபு, அந்த வாலை எனக்கும் நீங்கதான் சுருட்டக் கத்துக்கொடுத்தீங்க, உங்களைக் கேக்க எனக்கு வாய் வரல, கேக்க முடிஞ்சவளைப் பிடிச்சேன், எனக்கும்தான் வெட்கமா இருக்கு. வூலன் பேரிலிருந்து மோசடியை எடுத்துவிட்டான், ஆனால் வராத நாள் வராத நாள்தான், அவள் அந்தப் பாடத்தை அடுத்த வருஷம் திரும்பப் படிக்கவேண்டும். எனக்கு அடுத்த செமஸ்டர் முழுக்க நிறுத்தம், இந்தத் தடவை பென்சிலில் இல்லை, மையில் எழுதினான். வூலன் நன்றி சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். மொத நாளே சொல்லியிருக்கலாம்ல என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் பஸ்ஸில் வந்தேன், நாலாம் நாள் காலேஜ் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் வழியெல்லாம் பேசவில்லை.

காலேஜில் ஒரு தாள் கொடுத்தார்கள். நிறுத்தம் முடிந்து திரும்பச் சேரவேண்டுமானால் பெற்றோர் அல்லது குடும்பத்தார் ஒருவர், இவர் செய்ததை அறிந்தேன், மறுபடி படிக்கச் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். என் அப்பா அம்மா கபர்ஸ்தானில் இருக்கிறார்களே என்றேன், குமாஸ்தா இருமிக்கொண்டே, கணவரோ வளர்ந்த பிள்ளையோ போட்டால் போதும் என்றான். வீட்டுக்கு வந்ததும் அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அன்றைக்கு நீ கொண்டுவந்ததும் இதே மாதிரித் தாள். சாப்பாட்டு மேஜையில் அப்பள டின்னுக்கு அடியில் வைத்தாய். நாலு நாள் அந்த டின்னைத் திறந்து மூடினேன், தாளைத் தொடவில்லை. கடைசித் தேதி போயிற்று, நீ இரண்டாம் தரம் கேட்கவில்லை. நிக்கேனுக்குப் படிப்பில் மனசில்லை, ஜப்பானுக்குப் போகிறேன் என்கிறாள் என்று ஊருக்குச் சொன்னேன், அப்பாவுக்கும் அதையேதான் சொன்னேன். போன வெள்ளிக்கிழமைதான் அவருக்கு உண்மையைச் சொன்னேன். அன்று முழுக்க மீன் தொட்டிப் பக்கமே இருந்தார். அந்த வருஷப் பெருநாளுக்கு நீ என் முன்னால் முட்டி போட்டு, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சிடுங்கம்மா என்றாய். நான் உன் தலையில் கை வைத்து மன்னித்தேன். மன்னிக்கவேண்டியவள் மன்னிப்புக் கேட்டாள், கேட்கவேண்டியவள் ஆசீர்வாதம் பண்ணினேன். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை, ஆகவே எப்படிக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு நிக்கேன். உன் படிப்பைக் கெடுத்தது நீ போட்ட கையெழுத்து இல்லை, நான் போடாத கையெழுத்து.

உனக்கு நோய்நொடி வராமல் அல்லாஹ் காப்பாற்றட்டும், உன் கைபட்ட பெரியவர்களின் துஆ எல்லாம் உன்னையே சேரட்டும். இருமலுக்கு இஞ்சி போட்டுக் குடி, மறந்துவிடாதே. அந்தத் தாளை இதனோடு உறையில் வைத்திருக்கிறேன், டிசம்பர் இருபதுக்குள் இங்கே வந்து சேரவேண்டும். போட மனசு வந்தால் போட்டு அனுப்பு. வராவிட்டால் உன் மேஜையிலேயே கிடக்கட்டும், ஏன் என்று நான் கேட்கமாட்டேன், எனக்குத் தெரியும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், உனக்குப் பதிலாக இங்கே யாரும் போடமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹர்த்தினி