ஸ்டிக்கருக்கு அடியில்

கோபம் ஆறாத என் மகளுக்கு,

நீ போன் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் மூச்சு மெஷின் பழுதானதும் அதே உள்நாட்டுக் கம்பெனியில் புதிது வாங்கினேன். “வேண்டாங்க, பழசையே ரிப்பேர் பண்ணுங்க” என்று கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. புதியது பதினோரு நாள்தான் ஓடியது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

நேற்று பழையதைத் துடைத்தபோது கம்பெனி ஸ்டிக்கர் பெயர்ந்து வந்தது. அடியில் வெளிநாட்டுப் பெயர். எனக்குப் பயந்து அம்மாதான் ஒட்டியிருக்கிறாள். எட்டு வருஷமாக மேடைக்கு மேடை நான் மார்தட்டியது இந்த மெஷினைக் காட்டித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ‘அந்நியப் பொருள் வேண்டாம்’ கூட்டம். மெஷினைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பசை தடவி ஸ்டிக்கரை மறுபடி ஒட்டிவிட்டேன். அவள் ஒட்டியதுபோல நேராக வரவில்லை.

அப்பா