நோட்டில் ஏறாத வைக்கோல்

மாத்தர், ஏப்ரல் பதினொன்று

என் கண்மணி இனேஸுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வஜ்தியும் பேரன் இயாதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன், இங்கே நானும் உன் அப்பாவும் அல்ஹம்துலில்லாஹ் நலமாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் கூனைப்பூச் செடிகளுக்கு நடுவே குனிந்து நிற்பதை மட்டும் விடமாட்டேன் என்கிறார், டாக்டர் சொன்ன பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு தடவை நின்றார், அப்புறம் அது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இயாதுக்குப் பல் வருகிறது என்று சொன்னாயே, காய்ந்த ரொட்டி விளிம்பைக் கையில் கொடு, கடையில் விற்கும் அந்த ஜெல் எல்லாம் வேண்டாம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ எப்படியம்மா இருக்கே என்று கேட்டவுடனே நல்லா இருக்கேன் என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அப்புறம் குழந்தை அழுகிறது, நீ வைத்துவிடுகிறாய். இரண்டு மாதமாக அப்படியே போய்விட்டது. ஆனால் இந்த விஷயத்தை நீ வேறு யாரிடமிருந்தும் தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பார்லி தீனி பற்றிய என் கட்டுரை உனக்குத் தெரியும், நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துத் தொழுவத்தில் பன்னிரண்டு பசுக்களை வைத்து மூன்று மாதம் நடத்திய சோதனை. உலர்புல்லைப் பாதிக்குப் பாதி குறைத்து அரைத்த பார்லியைக் கூட்டிக் கொடுத்தாலும் பால் குறையாது, பாலில் கொழுப்பும் குறையாது என்று அதில் எழுதியிருந்தேன். அதற்குத்தான் எனக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது, நீயும் உன் சிநேகிதிகளுக்கு அனுப்பினாய். போன வருஷம் மழை பொய்த்ததில் புல் கட்டு கண்ணிலேயே படவில்லை, அதனால் இலையுதிர் காலத்தில் அந்தச் சோதனையை அப்படியே ஒரு துண்டுத்தாளாக அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்தோம். எத்தனை கிலோ பார்லி, எத்தனை கிலோ புல், எல்லாம் கட்டம் போட்டு. நானே நின்று கொடுத்தேன், எல்லோரும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் மன்னூபியா என் அறைக்கு வந்தாள். ஏரிப் பக்கத்தில் ஏழு பசு வைத்திருக்கிற விதவை, நீ பார்த்ததில்லை, ஐம்பது வயதிருக்கும், சத்தமாகப் பேசத் தெரியாதவள். பஸ் மாறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடியிலிருந்து துண்டுத்தாளை எடுத்து மேசைமேல் விரித்து, இதுல இருக்கிற மாதிரிதான் போட்டேன் லெல்லா வசீலா, தராசு வச்சு நிறுத்துப் போட்டேன், ஒரு பிடி கூடல, ஒரு பிடி குறையல என்றாள், அந்த நிலையிலும் லெல்லா என்ற மரியாதையை விடவில்லை. அப்புறம்தான் நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் பால் சேகரிக்கும் இடத்தில் அவள் கேனைச் சோதித்த ரிதா, கொழுப்பு இருக்க வேண்டிய அளவு இல்லை என்று பார்த்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, ஏன் சின்னம்மா, வெண்ணெயை வீட்டுல எடுத்து வச்சுட்டு மிச்சத்தை எங்க தலையில கட்டுறீங்களா, வெட்கமா இல்ல என்று கத்தியிருக்கிறான். கேனைத் திருப்பிவிட்டான். அன்றைக்கு மாலையே அவள் கொழுந்தன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, எங்க அண்ணன் பேரைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே என்று கேட்டிருக்கிறான். அவள் அழவில்லை இனேஸ். நான் திருடியா லெல்லா, அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ரிதாவைக் கூட்டிக்கொண்டு அவள் தொழுவத்துக்குப் போனேன். வரமாட்டேன் என்றான், மெஷின் சொன்னா சொன்னதுதான் டாக்டர் என்றான், நான் காரில் ஏறு என்றேன், ஏறிவிட்டான். ஏழு பசுக்களும் சுத்தமாக இருந்தன, தண்ணீர்த் தொட்டி கழுவியிருந்தது. ஆனால் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பசு படுத்திருந்தால் வாய் அசைய வேண்டும், அதுதான் அதன் வேலை, அசைபோட்டால்தான் பாலில் கொழுப்பு சேரும். அங்கே ஒன்றே ஒன்றைத் தவிர எதுவும் அசைபோடவில்லை, ஆறு பசுக்கள் வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நானே என் கையால் கறந்தேன், ரிதா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான், மடியிலிருந்து நேராக சீசாவுக்கு, சீசாவிலிருந்து அவனுடைய மெஷினுக்கே. மூன்றரை இருக்க வேண்டிய கொழுப்பு இரண்டு புள்ளி மூன்று. வெண்ணெய் எடுக்க நடுவில் யாருக்கும் நேரமே இல்லை. ரிதா முகம் மாறினாலும் வாய் அடங்கவில்லை, அப்போ தீனியில எதையோ கலக்குறாங்க என்றான். அவள் கலந்தது நான் எழுதிக் கொடுத்ததைத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஏன் குறையவில்லை என்று விசாரித்தேன், யாரும் துண்டுத்தாளை முழுசாக நம்பவில்லை, வழக்கம்போல வைக்கோலோ காய்ந்த களையோ கிடைத்ததை முன்னால் போட்டிருக்கிறார்கள். என் பேச்சை எழுத்துக்கு எழுத்து கேட்டவள் ஒருத்திதான், அடி விழுந்ததும் அவளுக்குத்தான்.

சரி, அப்படியானால் நிலையத்துப் பசுக்களுக்கு மட்டும் கொழுப்பு எப்படிக் குறையாமல் இருந்தது. நோட்டுகளை எல்லாம் எடுத்து மூன்று நாள் புரட்டினேன், ஒரு தப்பும் இல்லை. பிறகு ஹம்மாதியைப் பார்க்கப் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னவளாக இருக்கும்போது உன்னைக் கன்றுக்குட்டி மேல் உட்கார வைப்பானே, தொழுவத்தைப் பார்த்துக்கொண்டவன், ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. காப்பி போட்டுக் கொடுத்தான், பேரனுக்குக் கல்யாணம் என்றான், நான் சோதனையைப் பற்றிக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். சாயங்காலம் நீங்க போனப்புறம் அதுங்க என்னையே பாத்துக்கிட்டு நிக்கும் லெல்லா, வாயில மெல்ல ஒண்ணுமில்ல, மனசு கேக்கல, படுக்கைக்கு வச்சிருந்த வைக்கோலை ஆளுக்கு ஒரு கத்தை போட்டேன், தினமும்தான் என்றான். ஏன் ஹம்மாதி நோட்டில் எழுதவில்லை என்று கேட்டேன். நோட்டு உங்களுது லெல்லா, வைக்கோல் என்னுது என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அவனைத் திட்ட எனக்கு வாய் இல்லை. மூன்று மாதத்தில் ஒரே ஒரு சாயங்காலம் நான் தொழுவத்துக்குள் போயிருந்தால் பார்த்திருப்பேன். காலையில் எடை பார்க்கும் நேரத்துக்குப் போய்விட்டு, மற்ற பொழுதெல்லாம் அறையில் உட்கார்ந்து எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பசுக்களுக்கு என்ன வேண்டும் என்று பள்ளிக்கூடம் தாண்டாத அவனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

எங்கள் இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, வசீலா, நீங்க ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு, எதுக்கு இந்தத் தலைவலி, விவசாயிங்க பார்லியை ரொம்ப நைசா அரைச்சுட்டாங்கன்னு ஒரு வரி எழுதிடுங்க, அதுவும் பொய் இல்லையே என்றார். உண்மைதான், அது பொய் இல்லை, மன்னூபியா மாவாக அரைத்திருந்தாள், ஏனென்றால் துண்டுத்தாளில் நன்றாக அரைத்த என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை எழுத நான் ஒரு தடவை பேனாவை எடுத்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் இனேஸ். உன் காய்ச்சல் நாட்களில் கூட உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன வேலை. எழுதவில்லை. உன் அப்பாதான், நீ இந்த மூஞ்சியோட சமைச்சா சோறு எனக்கு இறங்காது, போய் சொல்லிட்டு வா, பொறுமையா சாப்பிடலாம் என்றார்.

மறுநாள் காலை பால் வண்டி வரும் நேரத்தில் பால் சேகரிக்கும் இடத்துக்குப் போனேன், இருபது இருபத்தைந்து பேர் கேனோடு நின்றார்கள். மேடை எல்லாம் இல்லை, எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். மன்னூபியா பாலில் கை வைக்கவில்லை, தீனியில் எதையும் கலக்கவில்லை, கொழுப்பு குறைந்தது நான் எழுதிய தாளால், என் சோதனை தப்பு, உங்களிடம் இருக்கிற தாளைக் கிழித்துப் போடுங்கள், ஒவ்வொரு மாட்டுக்கும் மெல்லுவதற்கு நீளப் புல்லோ வைக்கோலோ போடுங்கள் என்றேன். அப்புறம் பின்னாலிருந்து ஒரு கிழவர், அட, முப்பது வருஷம் படிச்சு மாடு வைக்கோல் தின்னும்னு கண்டுபிடிச்சீங்களா லெல்லா, என்னைக் கேட்டிருந்தா ஒரு டீக்குச் சொல்லியிருப்பேனே என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், என்ன செய்வது, சரியாகத்தான் சொன்னார். ஆனால் மன்னூபியா அன்றைக்கு அங்கே வரவில்லை, கேன் திரும்பிய நாளிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை, பாலைக் கன்றுகளுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிலையத்திலிருந்து நான் புல் கட்டுகள் அனுப்பினேன், வாரம் இரண்டு சாயங்காலம் போய் அவள் தொழுவத்தில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் நாள் நான்கு பசுக்கள் அசைபோட்டன. மூன்றாவது வாரத்தில் கொழுப்பு மூன்றரைக்கு ஏறிவிட்டது.

பத்திரிகைக்கும் எழுதிவிட்டேன், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காரணம் இன்னது என்று. ஹம்மாதி பெயரைப் போடவில்லை, மேற்பார்வைக் குறைவு, பொறுப்பு என்னுடையது என்று போட்டேன். அடுத்த மாதம் வெளிவரும். கணினியில் என் பெயரைத் தட்டினால் முதலில் அதுதான் வந்து நிற்கும் என்கிறார்கள், நீ அதைப் பார்த்துப் பதறக் கூடாது, உன் சிநேகிதிகள் கேட்டால் ஆமாம் எங்கம்மாதான் என்று சொல். இயக்குநர் இப்போது எதிரே வந்தால் மாடிப் படியில் திரும்பிவிடுகிறார். ஓய்வு விழாவுக்கு ஏதோ கேடயம் செய்யக் கொடுத்திருந்தார்களாம், அதைப் பற்றிப் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். வருத்தம் இருக்கிறது, ஆனால் பசிக்கிறது, சாப்பிடுகிறேன். அந்தச் சோதனையை மறுபடி நடத்த அனுமதி கேட்டிருக்கிறேன், இந்தத் தடவை எண்களோடு சாயங்காலங்களும் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன், இதற்காகத்தான் உண்மையில் இவ்வளவும் எழுதினேன். மன்னூபியா பால் சேகரிக்கும் இடத்துக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். ரிதா சோதித்தான், மூன்று புள்ளி ஆறு. நல்ல பையன்தான், முகம் சிவந்துபோய்ச் சின்னக் குரலில், சரி சின்னம்மா, ஊத்துங்க என்றான். அவள் கேனின் மூடியை இறுக்கி மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஊத்துங்க சின்னம்மா, வண்டி நிக்குது என்றான். அவள் சொன்னாள், ஊத்த மாட்டேன், அன்னைக்கு எந்தச் சத்தத்துல சொன்னியோ அதே சத்தத்துல இன்னைக்கும் சொல்லு. வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், அவள் அசையவில்லை. வரிசை முழுக்க அப்படியே நின்றது. ரிதா என்னைப் பார்த்தான், நான் வேறெங்கோ பார்த்தேன். கடைசியில் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, மன்னூபியா சின்னம்மா பால் சுத்தம், நான்தான் தப்பாப் பேசினேன் என்று கத்தினான், சாலைக்கு அந்தப் பக்கம் ரொட்டிக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள். மூடியைத் திறந்து, ஒரு சொட்டு சிந்தாமல் கடைசி வரை ஊற்றினாள்.

ஆண்டவன் உங்கள் மூவரையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும், உன் கைபட்டதெல்லாம் விளங்கட்டும். பக்கத்துத் தெரு சமீரா மே மாதம் அங்கே வருகிறாள், ஆலிவ் எண்ணெயும் மிளகாய் விழுதும் கொடுத்தனுப்புகிறேன், மறக்காமல் விமான நிலையத்துக்கு வஜ்தியை அனுப்பு, அவளுக்கு அந்த ஊர் தெரியாது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா வசீலா