ஒப்பாரி இல்லாத தெரு

கெய்ரோ, 1902

ஆகஸ்ட் 3

கூலிக்கு ஒப்பாரி வைத்து, பெண்கள் பிணத்தைக் குளிப்பாட்டும் ஹபீஸா எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் முறையிட்டாள். "காலராவுல ஊரே சாவுது, எஃபெந்தி. ஒருத்தரும் என்னை அழக் கூப்பிடல."

நியாயமான வருத்தம். அழுகைச் சத்தம் கேட்டால் சுகாதாரக்காரர்கள் வந்துவிடுவார்கள். நோயாளிகளை ஊருக்கு வெளியே உள்ள கூடாரத்துக்கு இழுத்துப் போவார்கள். பிணத்தைக் குளிப்பாட்டாமல் சுண்ணாம்பு கொட்டிப் புதைப்பார்கள். ஆகவே எங்கள் தெருவில் யாரும் சாவதில்லை. தன்தாவுக்குப் போகிறார்கள். அந்த ஊரில் எங்களுக்கு இவ்வளவு உறவினர்கள் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 5

காப்பிக்கடை மித்வல்லியும் தன்தாவுக்குப் போய்விட்டார். செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. வெறுங்காலோடு ரயில் ஏறியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

அவரைக் குளிப்பாட்டியது பொதுக் கிணற்றடியில். தண்ணீர் வழிந்து கிணற்றுக்குள்ளேயே போயிருக்கிறது. இனி அதில் இறைக்காதீர்கள் என்றேன். மித்வல்லியின் மகன் முறைத்தான்.

"எங்கப்பா அழுக்குன்னு சொல்றீங்களா?"

நோயை மறைப்பது மடமை என்று பத்திரிகையில் கட்டுரை எழுதியிருக்கிறேன். இந்தத் தெருவில் அதைப் படித்த ஒரே ஆள் நான்.

ஆகஸ்ட் 9

விடியலிலிருந்து என் மனைவி ஸனிய்யாவுக்கு வாந்தி. எங்கள் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர்தான். ஆனால் மித்வல்லியின் மனைவியிடம் துக்கம் விசாரிக்கப் போனவள் அங்கே ஒரு குவளை குடித்திருக்கிறாள். துக்க வீட்டில் கொடுத்ததைத் தள்ளக்கூடாதாம்.

தெருப்பக்கச் சன்னலை அடைத்தேன்.

ஆகஸ்ட் 10

அவள் விரல்கள் நாளெல்லாம் துணி துவைத்தவள் விரல்கள்போல் சுருங்கிவிட்டன. கொடுப்பது எதுவும் தங்கவில்லை. டாக்டரை அழைத்தால் கூடாரம். அழைக்காவிட்டால் — கூடாரத்திலிருந்து யாராவது திரும்பியிருக்கிறார்களா? நான் பார்க்கலியே. ஒருத்தரையும் பார்க்கலியே.

"என்னை அங்க அனுப்பிடாதீங்க," என்றாள். "ஹபீஸா கையால குளிச்சிட்டுப் போறேன்."

"கட்டுரையில வேற மாதிரி எழுதியிருக்கேனே."

"அது ஊருக்கு." சிரிக்கப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 11

விடியுமுன் அடங்கிவிட்டது.

ஹபீஸா குளிப்பாட்டினாள். முற்றத்தில் குழி வெட்டி அந்தத் தண்ணீரை அதில் விட்டேன். நான் படித்த படிப்புக்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது. பழக்கத்தில் ஹபீஸா வாயைத் திறந்தாள். உடனே முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

ஆகஸ்ட் 12

காலையில் பால்காரன் ஷஹாத்தா வந்தான். "அம்மா எங்க, எஃபெந்தி?"

"தன்தாவுக்குப் போயிருக்கா. அக்கா வீட்டுக்கு."

அவன் வாசலைப் பார்த்தான். கேட்காமலே பாலைப் பாதியாக ஊற்றினான். திரும்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அவங்க செருப்ப உள்ள எடுத்து வைங்க."

எடுத்து வைத்தேன்.