அத்தை சம்மதித்தால் மட்டும்

அன்பு மகள் இலைசானேக்கு அம்மா எழுதுவது, கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் ஏழு பன்றிகளும் நலம், எட்டாவது பன்றி போன வாரம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டது. ஆக்லாந்துக் குளிரில் உனக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று தினமும் ஜெபிக்கிறேன், ஆனால் போட்டோவில் நீ போட்டிருக்கும் ஸ்வெட்டரைப் பார்த்தால் ஜெபம் மட்டும் போதாது போலிருக்கிறது, தடியாக ஒன்று வாங்கு. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் பெயர் வந்ததுமே அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அப்புறம் நான் பேசுவதெல்லாம் அவர் கண்ணால் காட்டுவதுதான். அதனால் செவ்வாய்க்கிழமை விமானத்தில் வரும் பாட்டுக் குழு சமிசோனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போடு, வாசலிலேயே வைத்துப் போடு, உள்ளே உட்கார வைத்தால் மூன்று நாளைக்கு எழுந்திருக்க மாட்டான்.

உன் ஐந்து வருடத் திட்டம் வந்து சேர்ந்தது. வணிகப் படிப்பில் முதல் வருடமே இப்படி ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. குடும்பத்தில் ஒருவர் படித்துக் கருத்து எழுத வேண்டும் என்று உன் ஆசிரியை வேறு கேட்டிருக்கிறாராம், அந்த அம்மாள் டோங்காவில் கால் வைத்ததில்லை என்பது அதிலேயே தெரிகிறது, நம் வீட்டில் ஒருவர் மட்டும் எதையாவது படிக்க முடியுமா. கவரை வழக்கப்படி முதலில் அத்தை கையில்தான் கொடுத்தேன், அப்பாவின் அக்கா உயிரோடு இருக்கும்போது தம்பி பிள்ளையின் கவரை நான் பிரிப்பதா. அவர் அதைப் பாட்டுப் பயிற்சிக்கு எடுத்துப் போய் உரக்க வாசித்திருக்கிறார். பதினெட்டுப் பேர் ஓரத்தில் கருத்து எழுதியிருக்கிறார்கள், போதகர் மட்டும் அடக்கமாகப் பென்சிலில். ஒருத்தி தன் பையனுக்கு உன் கம்பெனியில் டிரைவர் வேலை கேட்டிருக்கிறாள், அந்தக் கம்பெனி நான்காம் வருடக் கடைசியில்தான் ஆரம்பிக்கிறது என்று சொன்னதற்கு, பரவாயில்லை பையனும் இன்னும் வண்டி ஓட்டக் கற்கவில்லை என்கிறாள். இதையெல்லாம் அப்படியே ஆசிரியையிடம் கொடு, மதிப்பெண் கூடும்.

நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்பது பக்கமும் படித்தேன். இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், அளந்து பார்க்க முடிய வேண்டும், எட்டக்கூடியதாக இருக்க வேண்டும், தேதி வேண்டும் என்று ஆசிரியை சொன்னதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் இருபத்துநாலாவது வயதில் நிர்வாக இயக்குநர் ஆகிவிட்டாய். இரண்டாம் வருடம் மார்ச் மாதம் உனக்குப் பதவி உயர்வு என்று போட்டிருக்கிறது, அந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் மார்ச்சுக்குள் எழுந்துவிடுவார் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாயா. அதைவிட எனக்கு ஆச்சரியம், ஐந்து வருடத்தில் ஒரு சாவும் இல்லை, ஒரு கல்யாணமும் இல்லை, எவருடைய பிள்ளையும் உன் வீட்டில் வந்து தங்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வரவில்லை. நம் குடும்பத்தில் ஐந்து வாரத்துக்குள் இதெல்லாம் வந்து போய்விடும். உன் அப்பா மட்டும் மெச்சிக்கொண்டார், எழுத்துப்பிழையே இல்லையாம்.

சிரிக்காதே, நானும் ஒரு தாளை எடுத்து எனக்கென்று ஓர் இலக்கு எழுதிப் பார்த்தேன். சந்தைக் கடையில் தினம் முப்பது பொட்டலம் வாழைக்காய் வறுவல் விற்பது, சனிக்கிழமை வரைக்கும். தெளிவு, அளவு, தேதி எல்லாம் இருந்தது. திங்கட்கிழமை அத்தை கடைப்பக்கம் வந்தார், பாட்டுக் குழுவுக்கு என்று பன்னிரண்டு பொட்டலம் எடுத்துக்கொண்டார், நானே பையில் போட்டுக் கொடுத்தேன், சூடாக இருக்கிறதா என்றும் கேட்டேன். செவ்வாயும் அப்படியே. இதற்கு உன் புத்தகத்தில் என்ன பெயர் இருக்கிறதோ, அவர் எடுப்பது அவர் உரிமை, கொடுப்பது என் வேலை, இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் அப்படித்தான். புதன்கிழமை தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்புறம்தான் உன் ஆறாம் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். ஒன்பது பக்கமும் அச்சு, அங்கே மட்டும் பேனா. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் பயிற்சி வேலை என்பதற்குப் பக்கத்தில், அத்தை சம்மதித்தால் மட்டும் என்று சின்னதாக எழுதியிருக்கிறாய். இருநூறு பேர் கேட்டு நாலு பேருக்குக் கிடைத்த இடம், இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இது அத்தனையும் எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. நிர்வாக இயக்குநர் எல்லாம் கதை மகளே, உன் ஒன்பது பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இது ஒன்றுதான், அதைப் போய் அடைப்புக்குள் வைத்த மாதிரி வைத்திருக்கிறாய். அத்தையோ சர்ச்சின் நூறாவது ஆண்டு விழாவுக்கு லகலகா ஆட்டத்தில் நடுவில் நிற்பது நீதான் என்று ஏற்கனவே சபையில் அறிவித்துவிட்டார், ஆட்டத்துக்கு உன் இடுப்பில் சுற்றிக் கட்டப் பாய்கூட எடுத்து வைத்தாயிற்று. உன் அப்பாவிடம் பேசச் சொன்னேன். அக்கா இருக்கும் அறையில் உட்காரவே கூசுகிற மனிதர், எதிர்த்துப் பேசுவது எங்கே. தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டார், மூன்று நாளாகத் தொட்டியைத்தான் பார்க்கிறார். அதனால் புதிதாக ஒரு தாள் எடுத்து ஒரே ஒரு வரி எழுதினேன். சனிக்கிழமைக்குள், அண்ணியிடம், அதாவது உன் அத்தையிடம், ஒரு தடவை, வேண்டாம் என்று சொல்வது.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்குப் பிடித்தபடி சேம்பு இலையில் தேங்காய்ப்பால் நிறைய விட்டு லூ செய்து முன்னால் வைத்தேன். இரண்டாவது பொட்டலம் பிரிக்கிற வரை காத்திருந்தேன். அண்ணி, இலைசா டிசம்பர்ல வரமாட்டா, அவ அந்த வேலைக்குப் போகட்டும், ஆட்டம் வேணாம் என்றேன். சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் லூவையே பார்த்தேன். யாருகிட்ட பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா என்றார். தெரிஞ்சுதான் அண்ணி, உங்ககிட்டதான் என்றேன். வெளியே உன் அப்பா தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அத்தை நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். ஏண்டி கலோலைனே, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல இருபத்தாறு வருஷம் ஆச்சா உனக்கு, சரி சொல்லிட்டே, உன் அண்ணன் மக மெலியாமே பட்டணத்துல வியாபாரப் படிப்புக்கு இடம் கெடச்சும் ஒரு வருஷமா உன் கடையில வாழைக்காய் சீவிக்கிட்டு உக்காந்திருக்காளே, அவளுக்குத் திட்டம் போட்டது யாரு, நானா என்று கேட்டார். கேட்டுவிட்டு மூன்றாவது லூவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போட்டது நான்தான். என் அண்ணன் வீட்டில் நான்தானே அத்தை. கடைக்கு ஆள் வேண்டும், மெலியாமே இந்த வருடம் போக வேண்டாம் என்று வாசலில் நின்றபடி சொன்னேன், அண்ணன் வாய் திறக்கவில்லை, அண்ணன் மனைவி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், அந்தப் பெண் மறுநாள் காலையில் கடைக்கு வந்துவிட்டாள். எவ்வளவு மரியாதையான பெண் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். இந்தச் சனிக்கிழமை ராத்திரி அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அத்தை எழுந்து, என் தம்பி மகளை நியூசிலாந்தில் பெரிய கம்பெனி கேட்டு வாங்கியிருக்கிறது, நான்தான் போகச் சொன்னேன், நடுவில் நானே ஆடுகிறேன் என்று அறிவித்தார். அறுபத்திரண்டு வயது, ஒரு முட்டி மடங்காது. சபையே ஆமென் என்றது. உன் அப்பா வீட்டுக்கு வந்து, முடிஞ்சுதா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

திங்கட்கிழமை கடைக்குப் போகிற வழியில் அண்ணன் வீட்டில் நுழைந்தேன். மெலியாமே வாழைக்காய் சீவும் கத்தியோடு கிளம்பி நின்றாள். நீ படிக்கப் போம்மா, கடைய நான் பாத்துக்கறேன் என்றேன். அவள் நம்பவில்லை, நான் என்ன தப்பு செஞ்சேன் அத்தை என்று கேட்டாள், மகளே, அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் அவளுக்கும் ஒரு திட்டம் எழுத வேண்டுமாம், என் பையில் இருந்த உன் தாளை மாதிரியாக வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். வழியில் உள்ள தடைகள் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, நீ மரியாதைக்காக வெறுமையாக விட்டிருந்தாய், அவள் அதில் அத்தை என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்து அவசரமாக ரப்பரால் அழித்தாள். நான் பேனாவைக் கொடுத்து, அதே இடத்தில் திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினாள், பெயரோடு.

ஆகவே மகளே, டிசம்பரில் வராதே. பெற்ற பிள்ளைக்கு வராதே என்று எழுத இந்தக் கைக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, உன்னைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது, ஆனாலும் வராதே. சமிசோனி சாப்பிட்டு முடிப்பதற்குள் கம்பெனிக்குப் பதில் அனுப்பு, வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்காதே. அந்த மூன்று சொல்லையும் அடித்துவிடு. உன் போக்கும் வரவும் கர்த்தர் காக்கட்டும், உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும். ஸ்வெட்டர் வாங்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா, மெலியாமேயின் அத்தை,
கலோலைனே